கொண்டைப்புல்

— ஊர்ல கீற எல்லாரும் இங்க பூ கொணாந்து வெச்சிட்டுப் போறாங்கோ. நீ ஒர்த்திதான் டீச்சரம்மா, கல்லறைக்கு வந்து வூட்டுக்குப் புல்லு அறுத்துக்கினு போறே.

— மெதுவாப் பேசுங்க பொன்னுரங்கம். இன்னைக்கு இன்னும் அறுக்கவே இல்லையே. பார்த்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்.

— பாத்துக்கினு நின்னா ஆவாது. அடுத்த வாரம் கல்லறைத் திருநாளு. மொத்த எடத்தையும் சுத்தம் பண்ணு, ஒரு புல்லு தெரியக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்கோ. அறுக்கறதுன்னா சட்டுனு அறு.

— மத்த இடமெல்லாம் சுத்தம் பண்ணுங்க. இந்த ஒரு கல்லறையை மட்டும் நாலு நாள் விட்டு வைங்க.

— ஏன், இதுல மட்டும் இன்னா கீது?

— கொண்டை இப்பத்தான் விரியுது. பாருங்க, ஊதா நிறம்கூடச் சரியா ஏறலை. இப்ப அறுத்தா தண்டு பிஞ்சு, காயும்போது தலை தொங்கிடும். ரொம்ப முத்தினாலும் ஆகாது, ஹால் முழுக்க விதை கொட்டும். நடுவுல ஒரு பதம் இருக்கு.

— இட்லி மாவுக்குச் சொல்ற மாதிரி சொல்றே.

— அது மாதிரிதான். பதத்துல அறுத்து, இலையை உருவிட்டு, ரப்பர் பேண்ட் போட்டுத் தலைகீழாத் தொங்க விடணும்.

— எங்க, துணி காயப்போடற கொடியிலயா?

— வெயில் பட்டா வெளுத்துடும். பீரோக்குள்ள, புடவை மாட்டுற கம்பியில. இந்த மழைக்காலத்துல அதுவும் போதாது, பூஞ்சை பிடிக்கும். பகல்ல எடுத்து ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கிற சூட்டுல வைப்பேன். நல்லாக் காஞ்சதும் ஹேர் ஸ்பிரே ஒரு தடவை அடிச்சு ஜாடியில வச்சா, அடுத்த வருஷம் வரைக்கும் அப்படியே நிக்கும்.

— ஐய! புல்லுக்கு ஸ்பிரேவா! எங்க வூட்டுக்காரி தாயம்மா கையில கெடச்சா, தொடப்பம்னு நெனச்சு வாசலைக் கூட்டிட்டு மூலையில சாத்திடும்.

— சிரிக்காதீங்க. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க. எங்கே வாங்கினீங்கன்னு கேப்பாங்க.

— நீ இன்னான்னு சொல்லுவே?

— தி.நகர்ல வாங்கினேன்னு சொல்லுவேன்.

— அத்தானே! கல்லறையில அறுத்ததுன்னு தெரிஞ்சா ஒரு வாய் காபி குடிப்பாங்களா உன் வூட்ல? செரி, ஒனக்கு வோண்டியது புல்லு. மதில் ஓரமாப் பாரு, இத்த மாதிரி ரெண்டு பங்கு ஒசரத்துல கீது. நீ சொல்ற பதமும் வந்தாச்சு. வா, நானே அறுத்துத் தாரேன்.

— அது ரோட்டு ஓரம். வண்டிப் புகை பட்டுக் கருப்பா இருக்கும்.

— கெணத்தாண்ட? அங்க ஏது வண்டி?

— அங்க ஈரம். தண்டு அழுகிடும். இது நிழல்ல வளர்ந்தது பொன்னுரங்கம், அதான் நிறம் நிக்குது.

— நெழலா? மெய்யாலுமே கேக்கறேன் டீச்சரம்மா, இந்த வரிசையில ஒரு மரம் கூட கெடையாதே. மண்டை காயுது இங்க.

— கேள்வி கேக்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். எல்லா நேரமும் இல்லை.

— கோச்சுக்காதே. சிந்தாதிரிப்பேட்டையில கூவத்தாண்ட எங்க குடிசை இருந்தப்போ, ஆள் ஒசரத்துக்கு நாணலு. இப்போ எங்களைத் தூக்கி பெரும்பாக்கத்துல போட்டாங்களே, அங்கயும் தண்ணி ஓரம் நாணலுதான். நாளைக்கே ஒரு கட்டு எடுத்தாரேன், போதுமா?

— வேண்டாம். சொல்றதைக் கேளுங்க. இந்த இடத்துப் புல்லு, நாலே நாள். அவ்வளவுதான் கேக்கறேன்.

— நான் வுட்ருவேம்மா. கல்லறைக்காரங்க வுட மாட்டாங்கோ. இந்த மரியதாஸ் சாரோட பொண்ணு போன் பண்ணிச்சு. மேல மொத்தமா கிரானைட் போடறாங்களாம். கல்லு இன்னிக்கே வருது.

— கிரானைட்டா? தலைமாட்டுல பேர் வெட்டின கல்லு இருக்கே, அது போதாதா?

— அது அப்படியே இருக்கும். கீழ மண்ணு தெரியாம மூடிடுவாங்கோ. அப்பறம் புல்லு ஏது, பூண்டு ஏது?

— இன்னைக்கேவா?

— அத்தான் அப்போ புடிச்சு சொல்லிக்கினு கீறேன், அறு அறுன்னு. இன்னாம்மா, மூஞ்சே மாறிப் போச்சு?

— ஒண்ணுமில்லை. வருஷா வருஷம் பழகிட்டேன். இனிமே இல்லைன்னா கஷ்டமாத்தான் இருக்கும்.

— ஊர்ல புல்லுக்கா பஞ்சம்? குடு அந்தக் கத்திரிக்கோலை.

— வேண்டாம், நானே அறுக்கிறேன். நீங்க கட்டை மட்டும் பிடிங்க. நசுக்காம.

— பிஞ்சு, தலை தொங்கிடும்னியே?

— தொங்கும். ஒவ்வொரு தண்டுக்கும் மெல்லிசாக் கம்பி வச்சுக் கட்டணும். ஸ்பிரேயை ரெண்டு தடவை அடிக்கணும். இது உதிரக் கூடாது, மாத்தி வைக்க வேற கிடைக்காது.

— தோ, வண்டி வந்திடுச்சு. அந்தப் பொண்ணுதான் வருது. நீ பாட்டுக்கு அறு, நான் பேசிக்கிறேன்.

— வாட்ச்மேன், கல்லு வந்திருக்கு, அந்தப் பெரிய கேட்டைத் திறக்கணும். அட... பியாட்ரிஸ் டீச்சரா? டீச்சர், நான் ஜொவிட்டா! ஹெட்மாஸ்டர் மரியதாஸ் பொண்ணு. எட்டாவதுல உங்க கிளாஸ்.

— தெரியாமலாம்மா? கடைசி பெஞ்சுல உக்கார்ந்து படம் வரைவே. அம்மா எப்படி இருக்காங்க?

— முழங்கால் வலி டீச்சர். பாலவாக்கத்துல என்கூடத்தான் இருக்காங்க, வெளியே வர்றதே இல்லை. அப்பா மேல புல்லு மண்டிக் கிடக்குதேன்னு ஒரே புலம்பல். அதான் கிரானைட். நீங்க அப்பாவைப் பார்க்கவா வந்தீங்க?

— இல்லைம்மா. எங்க அக்கா அந்தக் கடைசி வரிசையில இருக்கா. போற வழியில இது கண்ணுல பட்டது. காய வச்சு வீட்டுல ஜாடியில வைப்பேன்.

— அழகா இருக்கும் டீச்சர்! நல்லவேளை, எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். இந்தாங்க, ரோஜா நிறையவே வாங்கிட்டேன். அப்பாவுக்கு நீங்களும் ஒண்ணு வைங்க.

— கை முழுக்கப் புல்லும்மா. நீயே வச்சிடு.

— பரவாயில்லை டீச்சர், வச்சிடறேன். இருங்க, ஆட்களைக் கூட்டிட்டு வந்துடறேன். வாட்ச்மேன், கேட் பூட்டியிருக்கா?

— பூட்டல பாப்பா. தள்ளினா தொறந்துக்கும்.

— பொன்னுரங்கம், அந்த ஓரத்துல ரெண்டு தண்டு விட்டுப்போச்சு. குனிய முடியலை, எடுத்துக் குடுங்க.

— எடுக்கறேன். ஆனா நீ செஞ்சது நல்லால்ல டீச்சரம்மா. அவரும் நீயும் ஒரே ஸ்கூலு. பெத்த பொண்ணு ரோசாப்பூவை நீட்டுது, வாணாங்கறே.

— கை காலியா இல்லைன்னு சொன்னேனே.

— அக்கான்னு வேற சொன்னே. அந்தக் கடைசி வரிசைப் பக்கம் நீ போயி நான் பாத்ததே இல்ல. வருசா வருசம் வர்றே, இங்கயே நிக்கிறே, புல்லை அறுத்துக்கினு போயிடறே. ஒரு நாளாச்சும் இந்த மனுசனுக்கு ஒரு பூ வெச்சிருப்பியா?

— பூ வச்சா, யார் வச்சதுன்னு அவங்க வீட்டுல கேப்பாங்க பொன்னுரங்கம். புல்லு போனா யாரும் கேக்க மாட்டாங்க.