மூணு விரல் தள்ளி

பயப்படாத நைனா. உம் பையனுக்கு ஒண்ணியும் ஆவாது. இந்த அக்குபஞ்சர்ல மருந்தெல்லாம் ஏத்த மாட்டாங்கோ. தல முடி கணக்கா ஊசி, மணிக்கட்டு மடிப்புலேர்ந்து மூணு விரல் தள்ளி, இங்க. கீமோ போட்டா கொடலே வெளிய வர்ற மாரி வாந்தி எடுக்குதுங்களே, அது கொஞ்சம் அடங்கும். மாத்திரையும் குடுப்பாங்கோ, அத்த நிறுத்திறாத.

எனக்கு எப்டித் தெரியும்னா? நானே குத்திகினேனே! எம் பொண்ணு லுப்னா, பதினாலு வயசு. அத்தா, மொதல்ல நீ குத்திக்கோன்னு அடம் புடிச்சுது. நான் யாரு? புளியந்தோப்புல கறி வெட்றவன். ஒத்த ஆளா கெடா உரிக்கிறவன். கெத்தா கைய நீட்னேன். ஊசியப் பாத்தேன், அவ்ளோதான். கண்ணத் தொறந்தா தரையில கெடக்குறேன். டாக்டரம்மா மூஞ்சில தண்ணி தெளிக்குறாங்கோ, லுப்னா வயித்தப் புடிச்சிகினு சிரிக்குது. அது சிரிச்சி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு நைனா. இன்னொரு வாட்டி வுழுன்னாலும் வுழுவேன்.

சிரிக்காத. இத்தவிட பெரிய கூத்து கேளு. கீமோ ஆரமிச்சதும் அதுக்கு எந்த வாசனையும் ஆவல. ரசம், சோப்பு, அப்பால நானு. இருவது வருசக் கறி வாடை, தேச்சா போவுமா? ஊசியப் பாத்து வுழுந்த மறுநாளு இந்தப் புத்திசாலி இன்னா பண்ணான்? மூணு வாட்டி குளிச்சிட்டு, மண்ணடியில அத்தர் வாங்கி, கழுத்து காது சட்டைன்னு பாட்டில் பூரா ஊத்திகினு போனான். வாசப்படி தாண்டல, லுப்னா வாந்தி எடுத்துச்சு. பக்கத்துக் கட்டில் புள்ளையும் எடுத்துச்சு. நர்ஸம்மா என்னிய வெரட்டி உட்டாங்கோ.

அன்னிலேர்ந்து நான் இந்த வார்டு கண்ணாடிக்கு இந்தாண்டதான். உள்ள எம் பொஞ்சாதி அஜீசா பாத்துக்குது. நான் இங்க குந்திகினு கையாட்டுவேன். வேற இன்னா பண்றது?

இன்னிக்கா? ஊசி குத்துறது இது ஆறாவது தபா. காலைல ரெண்டு இட்லி துன்னுச்சாம், உள்ள நின்னுச்சாம். அதோ கடைசிக் கட்டில்ல, செவப்புத் துணி தலையில கட்டிகினு கீதே, அதான் லுப்னா. கையாட்டுதா? எனக்குத்தான் நைனா. அத்தாவ வந்து பக்கத்துல குந்தச் சொல்லுன்னு அஜீசாகிட்ட சொல்லி அனுப்பி அரை மணி நேரம் ஆவுது.

போவணும். உள்ள போயி, என் வாடைக்கு மறுபடியும் எடுத்துட்டா? பயமா கீது நைனா. அதான் உன்கிட்ட பேசிகினே கீறேன்.