புழுவுக்குப் போன கோவில் சோறு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஆலயத் தலைவர் திரு. சத்தியசீலன் அவர்களே, பீடோங் வட்டாரக் குளங்களிலிருந்து வந்திருக்கும் மீன் வளர்ப்பாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார் ரஜனி அக்கா அவர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

படிப்பு முடித்ததும் மீன்தீவன ஆய்வாளர் அமரர் புவனேசன் அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தவள் நான். எனக்கு முன் பேசியவர்கள் அவரை அறிஞர் என்றார்கள், சான்றோர் என்றார்கள். அவர் செய்த வேலையை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அவர் புழு வளர்த்தார்.

நம் கோவில் அன்னதானத்தில் மிஞ்சும் சோற்றை வாங்கிப்போய், ஒருவகைக் கருப்பு ஈயின் புழுக்களுக்குக் கொடுத்தார். கொழுத்த புழுவை உலர்த்தி, அரைத்து, மீன் தீவனத்தில் கலந்தார். எதற்காக? கடலில் குஞ்சும் குறுமீனுமாக வாரி அரைத்துக் குளத்து மீனுக்குப் போடுகிறோமே, அதை நிறுத்துவதற்காக. ஒரு மீனை வளர்க்கப் பல மீன்களைக் கொல்வது அவருக்கு அருவருப்பாக இருந்தது. நமக்கு எது அருவருப்பாக இருந்தது? புழு.

அவர் முதல்முறை சோறு கேட்டு வந்தபோது நானும் உடன் இருந்தேன். "சாமிக்குப் படைச்சத புழுவுக்குப் போடுறதா? பாவம்லா புவனேசு" என்றார் தலைவர்.

"அப்ப பின்னால லோங்காங் கால்வாயில கொட்டுறீங்களே, அது புண்ணியமாண்ணே?"

தலைவர் சிரித்துவிட்டார். சோறு கிடைத்தது.

சமையற்கட்டில் காளியம்மா அக்காவிடம் புவனேசன் அவர்கள் வாரந்தோறும் கெஞ்சுவார். "ரசத்த வடிச்சிட்டுக் குடுங்கக்கா. போன வாரம் பிள்ளைங்க எல்லாம் முங்கிப் போச்சு."

"ஒங்க பிள்ளைங்களுக்கு அப்பளம் பொரிக்கவா, பாயசம் ஊத்தவா?" என்பார் அக்கா. ஆனால் வடித்துத்தான் கொடுப்பார்.

கோழிக்குடல் போட்டு வளர்த்த கெலிக் கெளுத்தி மீனைக் கேள்வி கேட்காமல் தின்றவர்கள் நாம். புவனேசன் அவர்கள் புழுத்தீவனத்தில் வளர்த்த திலாப்பியாவைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களும் நாம்தான். அவர் கொட்டகையில் புளித்த வாடை உண்டு. முதல் நாள் நான் வாந்தி எடுத்தேன். ஆனால் இந்த வாரம் நம் ஆலயத்தின் பின்பக்கம் வீசும் நாற்றம் அதைவிட மோசம். ஏன் வீசுகிறது? அவரை எரித்துவிட்டு வந்த மறுநாளே, நாங்கள் சோறு எடுத்துப்போகும் பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. கேட்கப் போன எனக்கு, "ஆளே போயாச்சு, இனி அந்த அசிங்கம் எதுக்குலா?" என்று ஆலய நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. சோறு மறுபடியும் கால்வாயில் விழுகிறது. இங்கே அவர் படத்துக்குச் சந்தன மாலை விழுகிறது. மன்னிக்க வேண்டும், எனக்குக் குமட்டுவது புழுவைப் பார்த்து அல்ல.

கோவில் சோறு இல்லாவிட்டால் புழுக்கள் செத்துவிடும். புழு இல்லாவிட்டால் பீடோங் குளத்துக்காரர்கள் பழைய தீவனத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு மனிதரின் உழைப்பு ஒரு பூட்டோடு முடிந்துவிடும். அதற்குத்தானா இந்தக் கூட்டம்?

அமரர் புவனேசன் அவர்களின் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். அந்தக் கொட்டகையை நான் மூடமாட்டேன். இப்போது அவர் நினைவாகச் சாப்பாடு போடப் போகிறார்கள். கைகழுவும் இடத்தில் இரண்டு நீலப் பீப்பாய்கள் வைத்திருக்கிறேன். இலையை எடுக்குமுன் மிச்சச் சோற்றை அதில் தள்ளுங்கள். தலைவர் அவர்களே, முதல் இலை உங்களுடையதாக இருக்கட்டும். நிறைந்த பீப்பாய் கனக்கும். பின்கேட் வழியாகத்தான் அதை வேனில் ஏற்ற முடியும்.