விடுதலைச் செய்தியில் விழுந்த பிழை

மேடையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் அவர்களே, மேலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அச்சுக்கூடத் தோழர்களே, வணக்கம்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன் பேசியவர்கள் அழுதார்கள். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அதை மறைக்கப் போவதில்லை.

நம் ஆவணக் காப்பாளர், முதலில் கேலியாகவும் பிறகு பாசமாகவும் நாம் 'தூசி அக்கா' என்று அழைத்தவர், இருபத்தாறு ஆண்டுகள் கீழ்த்தளத்தில், ஒழுகும் குழாய்க்கடியில் பழைய இதழ்களைக் காத்தவர். போன ஆண்டு அவரைத் தேடி ஒரு தையல்காரப் பெண் வந்தார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். இவருடைய அப்பா கிடங்குக்குத் தீ வைத்தார் என்று முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் நம் நாளிதழ் முதல் பக்கத்தில் போட்டது. நீதிமன்றம் அவரை விடுவித்தது. அது யாருக்கும் தெரியாது! குடும்பப் பெயரைச் சொன்னாலே, "ஓ, தீ வெச்ச குடும்பமா?" என்பார்கள். அதனால் இவருடைய தம்பிக்கு வேலை போனது. இவருக்குப் பேசிய கல்யாணம் நின்றது. தீர்ப்பு நகலை வீடு வீடாகக் காட்டவா முடியும்? விடுதலைச் செய்தி எங்காவது அச்சில் வந்ததா என்று மட்டும் பார்த்துச் சொல்லும்படி அக்காவிடம் கேட்டார்.

பதினொரு மாதம், சாப்பாட்டு வேளையெல்லாம், அக்கா அந்தக் குடும்பப் பெயரைத் தேடினார். நாளிதழில் இல்லை. நம் வார இதழிலும் இல்லை. கடைசியில் பெயரை விட்டுவிட்டுக் கிடங்கைத் தேடினார். அகப்பட்டது. வார இதழின் உள்பக்கத்தில், சோப்பு விளம்பரத்துக்குக் கீழே, ஆறு வரி. பெயரில் 'ழ' நிற்க வேண்டிய இடத்தில் 'ம' நின்றது. வேறு யாரோ விடுதலையாகியிருந்தார்.

குற்றம் சாட்டியபோது ஓர் எழுத்தும் தப்பவில்லை. விடுவித்தபோது மட்டும் எப்படித் தப்பியது? சொல்கிறேன். அந்தப் பக்கத்துக்குப் பிழை திருத்தியவன் நான். அக்கா தொகுப்பை என் மேசையில் விரித்தார். திட்டவில்லை.

"தம்பி, இப்பவாவது திருத்துவியா?" என்றார்.

ஏழு முறை மனுக் கொடுத்தோம். "முப்பது வருஷப் பழசைக் கிளறினா பத்திரிகை மானம் என்னாகும்?" என்று கேட்டீர்கள், ஆசிரியர் ஐயா. மானம் பத்திரிகைக்கு மட்டும்தானா? எட்டாவது மனு பாதியில் நிற்கும்போது அக்காவின் நெஞ்சும் நின்றுவிட்டது. இன்று அவருக்கு அரைப் பக்க அஞ்சலி போட்டிருக்கிறீர்கள். உயிரோடு இருந்தவர் கேட்டது ஆறு வரி!

அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் எல்லோரும் சொன்னீர்கள். தொடர்வோம். எட்டாவது மனுவை நான் முடித்துவிட்டேன். நாளைய முதல் பக்கத்துக்கான திருத்தச் செய்தியும் இதோ என் கையில். என் பிழை என்று என் பெயரோடு எழுதியிருக்கிறேன். இதில் உங்கள் கையெழுத்து விழும்வரை, பிழை திருத்தும் பிரிவில் நாங்கள் நால்வரும் நாளைய தாளில் ஒரு வரியும் படிக்கமாட்டோம்.

இந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஐயா. போடுங்கள்.