யார் பேரு மேல

ஹலோ... ஹலோ, கிருபாபாய் அக்காவா? நான்தான்க்கா, ராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனி கருத்தப்பாண்டி... ஆமா, ஆமா, நீங்க போட்டுக் குடுத்த லினக்ஸ் நல்லா ஓடுது. அந்த மொத ஸ்கிரீன்தான்க்கா கழுத்தை அறுக்கு... அதான், உள்ள நுழையுறதுக்கு முன்னால ஆள் ஆளாப் பொம்மை போட்டு பேர் காட்டுதுல்லா, அது!

...சிரிக்காதீக. உச்சியில யாரு நிக்கா தெரியுமா? நான்! எனக்குக் கீழ சின்ன முதலாளி காசிராஜன். அடியில அவரு அண்ணன், பெரிய முதலாளி தங்கச்சாமி... இங்கிலீஷ் எழுத்து வரிசைதான், எனக்குத் தெரியுது. அதை அவியகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா? பெரியவர் மக கல்யாணப் பத்திரிகையில தம்பி பேரு மச்சினன் பேருக்குக் கீழ விழுந்துருச்சுன்னு மூணு மாசமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. இன்னைக்குக் கம்ப்யூட்டருக்குப் பூசைன்னு இப்பத்தான் ஒரே ரூமுக்குள்ள வந்து நிக்காக, அதான் வாயைப் பொத்திக்கிட்டு மெதுவாப் பேசுதேன். இதைப் பாத்தாகன்னா கம்பெனி ரெண்டாயிரும். எந்தப் பாதியிலயும் எனக்கு வேலை இருக்காது...

எழுத்து வரிசைங்குற அந்த டிக்கை எடுத்தா வரிசை மாறுமா?... மொதல்ல சேத்த ஆளு மேல வருமா? மொதல்ல சேத்ததும் என்னையத்தானக்கா!

...பேரையே காட்டாமப் பண்ணலாமா? அதைச் சொல்லுங்க! ஆமா... ஆமா... கன்ட்ரோல் சென்டர்... ரூட் பாஸ்வேர்டு... போட்டாச்சு. இருங்க, தேங்கா உடைக்கப் போறாக. ஐயா, செத்த நேரம் சூடம் காட்டுங்க, மிஷின் இன்னும் சூடாகல!... பொய்தான்க்கா, சீக்கிரம் சொல்லுங்க... எடுத்துட்டேன். ஓகே குடுத்துட்டேன். வெளிய வந்து... யப்பா! பேரை நாமளே அடிக்கிறதுக்கு வெறும் கட்டம். ஒரு பேரும் இல்ல. உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்.

வச்சிராதீக, வச்சிராதீக! பெரியவர் நாற்காலியில உக்காந்துட்டாரு... கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டாராம். யாரையோ அடிக்கச் சொல்லுதாரு... அக்கா, தம்பியை! என் பேரை அடின்னு நேரா அவரைப் பாத்தே சொல்லிட்டாரு... ம்ம், அடிக்காரு. ஒத்தை விரல்... பாஸ்வேர்டை மட்டும் பெரியவரே தடவித் தடவி...

போச்சு. உள்ள விடமாட்டேங்குது... இல்லக்கா, பாஸ்வேர்டு சரிதான். பேருதான் தப்பு. சின்னவரு அண்ணாச்சின்னு அடிச்சிட்டாரு, நானே பாத்தேன்... ஏன்னா கேக்கீக? பொறந்ததுலருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது உண்டா? கையி மட்டும் எப்படிப் போகும்?

...செத்தப் பேசாம இருங்க. பெரியவர் எந்திரிச்சிட்டாரு... சண்டை இல்ல, சண்டை இல்ல. மூக்கை உறிஞ்சுதாரு... சூடப் புகையாம். அது அணைஞ்சு எம்புட்டு நேரமாச்சு... என்னங்கய்யா?... சரிங்கய்யா. சரி, சரி, அப்படியே செஞ்சிருதேன்.

அக்கா, தங்கச்சாமியை அழிச்சிரணுமாம். போனா அண்ணாச்சியாத்தான் உள்ள போவேங்காரு... தெரியாதுக்கா, அதுக்குத்தான உங்களைக் கேக்கேன். புதுப்பேரு எங்க சேக்கணும்? ரெண்டு பேரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்காக... ஹலோ? அக்கா? ஹலோ... ஹலோ!