மச்சுப்படிக் கிராதி

அரக்குப் பாலிஷ் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் போட்டுவிட்டு, பிசுபிசுக்கிறது என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். நான் அப்படியில்லை. எங்கள் வீட்டு மச்சுப்படிக்கு ஐந்து பூச்சு அடித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விட்டேன். நீங்களும் கையை வைத்துப் பார்த்தீர்களே இன்ஸ்பெக்டரம்மா, வழுவழுவென்று இருந்ததல்லவா. நல்ல வேலை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்களுக்கு மனம் வரவில்லை.

என் பெயர் தங்கச்சாமி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறைக்கு முப்பத்தொரு வருஷம் போர்மேனாக இருந்தேன். என் அறையில் ஒரு உயிர் போனதில்லை. போன வருஷம் சீசன் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எங்கள் மரப்படி எவ்வளவு ஆடுகிறது என்று தெரிந்தது. ஆசாரியைக் கூப்பிடச் சொன்னாள் மகள். எனக்கு அடுத்தவன் வேலை பிடிக்காது. நானே செல்லரித்த மூன்று பலகையை மாற்றினேன், கிராதிக் கம்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒன்றரை மாதம் ஆயிற்று.

மகள் எழிலுக்கு நாலு வயதில் அம்மா போய்விட்டாள். மஞ்சள் காமாலை. இன்னொருத்தியைக் கட்டச் சொல்லி ஊரே வந்து நின்றது. நான் கட்டவில்லை. சடை பின்னக் கற்றுக்கொண்டேன். கம்பெனியில் பயல்கள் என்னைப் பொம்பளைத் தங்கச்சாமி என்று கேலி பேசினார்கள், பேசட்டும் என்று விட்டேன். நர்ஸ் படிப்புப் படிக்க வைத்தேன். உள்ளூரிலேயே ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும் அவள்.

நான் நாலாவது படிக்குக் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

“அப்பா, எனக்கு ஓசூர்ல வேலை கெடச்சிருக்கு. வர்ற திங்கக்கெழம போயிச் சேரணும்.”

“இங்கன உள்ள ஆஸ்பத்திரிக்கு என்ன கொறச்சல்?”

“ஒரு கொறச்சலும் இல்லப்பா. எனக்குப் போகணும், அம்புட்டுதான்.”

“அப்ப நான்?”

“நீங்க நல்லாத்தான இருக்கீக. மாசத்துக்கு ஒருக்க வந்து பாத்துக்கிடுதேன்.”

மாசத்துக்கு ஒருக்க. இருபத்திரண்டு வருஷம் சோறு பொங்கிப் போட்டவனைப் பார்க்க மாசத்துக்கு ஒருக்க வருவாளாம். ஆனாலும் நான் கத்தவில்லை. கத்துகிறவன் மருந்து அறையில் வேலை பார்க்க முடியாது. சரித்தா, போயிட்டு வா என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டாள். படித்தவள், ஆனால் அவ்வளவுதான் விவரம்.

தினமும் காலையில் குளித்துவிட்டு மச்சில் படியோரக் கிராதியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தலை துவட்டுவாள். சின்னப் பிள்ளையிலிருந்து அந்த இடம்தான். அங்கிருந்து கீழே சிமிண்டுத் தரைக்கு ஒன்பதடி. அளந்து பார்த்தேன். கால் முறியும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. மூன்று மாதம் கட்டுப் போட்டுக் கிடப்பாள். ஓசூர்க்காரன் அதுவரை இடத்தைக் காலியாகப் போட்டு வைக்க மாட்டான். நான் நினைத்தது இவ்வளவுதான், கூடக்குறைய எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை அவள் டூட்டிக்குப் போன பிறகு மச்சில் அவள் சாய்கிற கிராதியின் மூலைத் தூணைத் தூக்கினேன். பலகைத் துளைக்குள் இறங்குகிற அதன் முளையை அறுத்தெடுத்தேன். கைப்பிடியோடு சேர்கிற ஆணிகளை அதற்கு முன்பே உருவியிருந்தேன். தூணை மரத்தூள் குழைத்த பசையில் வெறுமனே நிறுத்தி, மேலே பாலிஷைத் தொட்டுவிட்டேன். பார்த்தால் எவனாலும் கண்டுபிடிக்க முடியாது.

தப்பு அதற்குப் பிறகு செய்தேன். அறுத்த தூள் பலகையில் சிந்திக் கிடந்தது. எங்கள் மருந்து அறையில் தரையில் எந்தத் தூள் கிடந்தாலும் தண்ணீர் தெளித்து நனைக்காமல் துடைப்பத்தைத் தொடக்கூடாது. உலர்ந்த தூளை உரசினால் எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். முப்பத்தொரு வருஷத்துக் கை. மரத்தூள்தானே என்று அது யோசிக்கவில்லை. தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டேன். அரக்குப் பாலிஷில் தண்ணீர் நின்றால் வெள்ளை பூக்கும். எந்த ஆசாரியும் அதைச் செய்யமாட்டான்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரித் தகவல் கேட்டு நீங்கள் வந்ததும் கேட்டீர்கள். “படி பூராப் பளபளங்குது, தூணுக்கடியில மட்டும் ஏன் வெள்ளையாப் பூத்திருக்கு?” பொம்பளை போலீசுக்கு என்ன தெரியும் என்று நான் நினைத்திருந்தது உண்மை. அதை மறைக்கவில்லை.

அன்று காலை நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தூண் சாய்ந்த சத்தம் கேட்டது, பிறகு அவள் விழுந்த சத்தம். போய்ப் பார்த்தேன். மல்லாக்கக் கிடந்தாள். ரத்தம் இல்லை. நல்ல நினைவோடு பேசினாள்.

“அப்பா, என்னத் தூக்காதீக. முதுகுல அடி பட்டிருக்கு. அசைக்காம 108-க்குப் போடுங்க.”

பக்கத்து வீட்டு சபியா சத்தம் கேட்டு ஓடிவந்துவிட்டது. அந்தம்மாவுக்கு எங்கள் வீட்டு விஷயத்தில் எப்போதும் காது நீளம். “அண்ணே, பிள்ள சொல்லுறதக் கேளுங்கண்ணே, தொடாதீக” என்று என் கையைப் பிடித்தது. உதறிவிட்டு மகளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டேன். தூக்கும்போது ஒரு தடவைதான் அலறினாள்.

இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று மதுரை டாக்டர் சொல்கிறார். விழுந்ததில் இவ்வளவு ஆகியிருக்காது, தூக்கியதில்தான் ஆயிற்று என்கிறார். ஏன் தூக்கினாய் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டாயிற்று. பெற்ற மனம் கேட்கவில்லை என்று முதலில் சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள். முதலுதவி வகுப்பு எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும். முதுகடிபட்டவனை ஸ்ட்ரெச்சர் பலகை வராமல் தூக்காதே என்று நானே எத்தனையோ ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான் குனிந்தபோது அவள் இரண்டு காலின் விரல்களும் அசைந்தன. அசைத்து அசைத்துப் பார்த்து, அசையுதுப்பா, பயப்படாதீக என்று எனக்கே தைரியம் சொன்னாள். கால் முறியவில்லை. ஒரு மாதத்தில் எழுந்து ஓசூருக்குப் பஸ் ஏறியிருப்பாள். அதைப் பார்த்த பிறகுதான் தூக்கினேன்.

என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். கோபத்தில் எழுதியிருப்பாள், நாலு நாளில் ஆறிவிடும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஜட்ஜிடம் மட்டும் வருஷத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?