இடது பக்கக் கண்ணாடி

எண்ணூர் சாலையில் டீக்கடை வரிசை. எனக்கு முன்னால் இரண்டு டிரெய்லர் ஓட்டுநர்கள். துறைமுகத்தில் கன்டெய்னரை இறக்கிவிட்டு வந்தவர்கள். வண்டிகள் சாலையோரம் நின்றன. மூத்தவர், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார்:

"ஆக்சிடெண்ட் பண்ணானே, அவன் டிரெய்லர்ல மிஷின் கத்திகினுதான் இருந்துக்கீது."

"இன்னா மிஷின், மாமு?"

"புது வண்டில வருதே, சைடுல ஆள் வந்தா கீய்னு கத்துமே, அது. ஸ்கூட்டர்ல அந்தப் பொண்ணு லெப்டாண்ட வந்தப்பவும் கத்திக்கீது."

"அப்பால எதுக்கு லெப்டுல ஒடிச்சான்?"

"துறைமுக லைன்ல காலைலேர்ந்து கத்துது. ரெண்டு பக்கமும் ஒரசிகினு வண்டி நின்னா கத்தாம இன்னா பண்ணும்? இதுவும் அதே மாறின்னு உட்டுட்டான்."

"கண்ணாடி பாக்கலியா?"

"பாத்தானாம். அவன் வண்டி கதவுதான் தெரிஞ்சுதாம். லைன்ல பக்கத்து வண்டிக்காரன் இடிச்சு ஒடச்சுடுவான்னு கண்ணாடிய மடிக்கிறோமே, அப்டி மடிச்சது. வெளிய வந்து விரிக்கல."



"அந்தப் பொண்ணு?"

"ஸ்பாட்லயே பூட்ச்சு. காசிமேட்டுல மீன் வாங்கினு வூட்டுக்குப் போய்கினு இருந்துச்சாம். ரோடு பூரா மீனு."

டீ கைக்கு வரும் நேரத்தில் இளையவர் வரிசையை விட்டு விலகினார்.

"எங்கடா போற?"

"கண்ணாடிய விரிச்சுட்டு வந்துர்றேன், மாமு."

மூத்தவர் திரும்பி, சாலையோரம் நின்ற தன் வண்டியைப் பார்த்தார்.

"அப்டியே என்னுதையும் விரிச்சுடு."