இரண்டு பேருக்கென்று ஒரு படகு

— இன்னொருத்தரும் வரட்டும் சார். பதிவுல ரெண்டு பேருன்னு இருக்கு.

— வரமாட்டாங்க. நாம கிளம்பலாம்.

— கொஞ்சம் காத்திருந்தா எனக்கொண்ணும் குறைஞ்சிடாது. இன்னிக்கு உங்களை விட்டா வேற சவாரியே இல்ல. பொம்பளைங்க கிளம்புறதுன்னா அப்படி இப்படி ஆகத்தான் செய்யும். நானும் ஒரு பொம்பளதான், கேட்டீங்களா, அதான் சொல்றேன்.

— அதாவது... ரெண்டு பேருன்னு நான்தான் போட்டேன். வந்திருக்கிறது ஒருத்தன். கிளம்புங்க மேடம்.

— மேடமெல்லாம் வேணாம். இந்தத் துறையில எல்லாரும் என்னைக் கேப்டன்னுதான் கூப்பிடுவாங்க. பாதி மரியாதை, பாதி கிண்டல். இந்தாங்க லைஃப் ஜாக்கெட். பட்டையை இன்னும் இழுத்து மாட்டுங்க.

— இன்னொண்ணு குடுங்க கேப்டன்.

— எதுக்கு?

— பக்கத்து சீட்டுல வைக்க.

— வைங்க. ஆனா சீட்டோட சேத்து மாட்டிடுங்க, காத்துல போயிடும். தொப்பியும் அங்கேயேவா? பொம்பளத் தொப்பி மாதிரி இருக்கு.

— பொம்பளத் தொப்பிதான்.

— விலைச்சீட்டு தொங்குது சார். பிச்சுப் போட்டுடுங்க, படத்துல விழும்.

— ம். நல்லவேளை சொன்னீங்க.

— பிடிச்சுக்கோங்க, வேகம் எடுக்கப்போறேன். பயமா இருந்தா கத்துங்க, திட்டுங்க, என்ன வேணா பண்ணுங்க. எஞ்சின் சத்தத்துல எனக்கு எதுவும் கேக்காது.

— கேக்காதுன்னா கத்தி என்ன பிரயோஜனம்?

— உங்க மனசுக்கு ஒரு ஆறுதல்.

— கேப்டன், கொஞ்சம் மெதுவாப் போகலாமா? படம் எடுத்துக்கிறேன்.

— எடுங்க. அந்தா, ஒட்டகம் படுத்துக் கிடக்கிற மாதிரி தெரியுது பாருங்க, அந்தத் தீவுல மனுஷ வாடையே கிடையாது. பறவைதான். அதுக்குப் பின்னால சின்னதா ஒண்ணு இருக்கு, அங்கதான் கடைசியா இறங்கப்போறோம். நடுவுல குகை. சார், போனை அப்படித் தள்ளிப் பிடிங்க, என் முழங்கை விழுது.

— விழட்டும்.

— உங்க இஷ்டம். என் முழங்கைக்கு இதெல்லாம் பழகிப்போச்சு. எத்தனை வீட்டு ஆல்பத்துல அது ஒரு ஓரமா உக்காந்திருக்கோ. முகத்தை யாரும் எடுக்கமாட்டாங்க. நான் ஓட்டுறவதானே.

— உங்க வீட்டுல யாரும் எடுக்கிறதில்லையா?

— வீட்டுல யாரு இருக்கா? ஒரு பொண்ணு. கடலே இல்லாத ஊரா பாத்து வேலை தேடிக்கிட்டா. சீசன் முடிஞ்சா துறையில நானும் ஒரு நாயும்தான். நாய்க்கு போட்டோ எடுக்கத் தெரியாது. சரி, சார் என்ன வேலை?

— லிப்ட் பாக்குறேன். அதாவது, பெரிய கட்டடங்கள்ல லிப்ட் நின்னு போனா போய்ச் சரி பண்றவன்.

— மேலயும் கீழயுமாவே போறவர், இன்னிக்கு ஒரு மாறுதலுக்கு நேராப் போறீங்க.

— நீங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?

— எல்லார்கிட்டயும் பேசமுடியாது. கூட்டமா வந்தா அவங்களுக்குள்ள பேசிப்பாங்க. தனியா வர்றவங்க எனக்கு எப்பவாவதுதான் கிடைப்பாங்க. விடுவேனா? இப்ப எஞ்சினை நிறுத்துறேன். குகை வாய் ரொம்பத் தாழ்வு. நான் பாறையைக் கையால தள்ளித் தள்ளி உள்ள கொண்டு போவேன். நீங்க குனிங்க. இன்னும். மூக்கு முட்டியில இடிக்கணும்.

— இடிச்சிடுச்சு.

— அப்படியே இருங்க... ஆச்சு. நிமிரலாம்.

— கேப்டன்.

— ம். எல்லாருக்கும் இந்த இடத்துல பேச்சு நின்னுபோகும்.

— தண்ணிக்கு அடியில யாரோ விளக்குப் போட்டு வச்ச மாதிரி இருக்கு.

— வெயில்தான். பாறைக்குக் கீழ ஒரு சந்து இருக்கு, அது வழியா வெளிச்சம் நீந்தி வருது. கையை விட்டுப் பாருங்க.

— நீலமா ஆயிடுச்சு. என் கையே என் கை மாதிரி இல்ல.

— படம் எடுக்கலையா?

— இருட்டு. தொப்பி தெரியாது.

— தொப்பி தெரியலன்னா என்ன? நீங்க பாக்கிறதுக்கு எடுத்துக்கலாமே.

— நான் பாக்கிறதுக்கா? அதுக்கு எடுத்துப் பழக்கமில்ல.

— சார், கொஞ்சம் நடுவுல நகந்து உக்காருங்க. படகோட விளிம்பைப் பிடிக்காதீங்க, பாறையில கை நசுங்கிடும்.

— என்னாச்சு?

— காத்து திரும்பியிருக்கு. அலை ஏறுது.

— நாம வந்த வழி எங்க?

— அங்கதான் இருக்கு. இப்போதைக்குத் தண்ணிக்குள்ள இருக்கு. பெரிய அலை நாலஞ்சு சேந்து வரும், அப்புறம் ஓயும், மறுபடியும் வரும். நல்லா ஓயுற நேரம் பாத்து வெளிய போயிடலாம். அதுவரைக்கும் சும்மா உக்காந்திருக்க வேண்டியதுதான்.

— ஓயலன்னா?

— ஓயாத அலையை நான் இதுவரைக்கும் பாக்கல. சார், உங்களுக்கு மூச்சு இரைக்குது.

— தெரியுது.

— லிப்ட்ல மாட்டிக்கிட்டவங்க இப்படித்தானே இரைப்பாங்க? அவங்களை என்ன செய்வீங்க?

— பேசுவேன். லிப்டுக்குள்ள ஒரு ஸ்பீக்கர் இருக்கும். நான் மேல மெஷின் ரூம்ல வேலை செஞ்சுக்கிட்டே பேசுவேன். காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேப்பேன். எந்தக் கலர் சட்டை போட்டிருக்கீங்கன்னு கேப்பேன். வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்காங்கன்னு கேப்பேன். அதுக்கு மட்டும் எல்லாரும் நிறையப் பேசுவாங்க. பேசி முடிக்கிறதுக்குள்ள கதவு திறந்துடும்.

— காலையில என்ன சாப்பிட்டீங்க?

— ரொட்டி. ஒண்ணு.

— சட்டை நானே பாக்குறேன், வெள்ளை. வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்காங்க?

— அந்த அலை பெருசா வருது.

— அது பாட்டுக்கு வரும். நான் பிடிச்சிருக்கேன். கேட்டதுக்குச் சொல்லுங்க.

— யாரும் இல்ல.

— தொப்பிக்காரம்மா?

— அந்தத் தொப்பிக்கு ஆள் கிடையாது. நேத்து சாயங்காலம் கடையில வாங்கினேன். அதாவது, மனைவின்னு ஒருத்தி இருந்தா. போய் மூணு வருஷமாச்சு.

— ஐயோ. தவறிட்டாங்களா?

— இல்லல்ல, நல்லா இருக்கா. வேற ஊர்ல. சண்டைகூடப் போடல நாங்க. ஒருநாள் நான் வேலை முடிஞ்சு வந்து கை கழுவிக்கிட்டிருக்கேன், பின்னால வந்து நின்னு சொன்னா, 'உன்கூட இருக்கும்போதுதான் எனக்குத் தனியா இருக்கிற மாதிரி இருக்கு'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— துண்டை எடுத்துத் துடைச்சேன்.

— கையையா?

— கையைத்தான். என்ன சொல்றதுன்னு யோசிச்சேன். யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ பெட்டியை எடுத்து வச்சுட்டா. முன்பின் தெரியாதவங்ககூட ஸ்பீக்கர்ல எவ்வளவு வேணா பேசுவேன் கேப்டன். முகத்தைப் பாத்துப் பேசணும்னா வரமாட்டேங்குது.

— இங்க இருட்டா இருக்கு, அதான் வருது. சரி, அவங்க போயாச்சு. தொப்பி யாருக்காக?

— எங்க அக்காவுக்காக.

— அக்கா போட்டுக்கவா?

— அக்கா பாக்கிறதுக்கு. எங்கம்மா போனப்ப நான் ரொம்பச் சின்னவன். அவதான் வளத்தா. அவளைக் கேட்டு வந்த ரெண்டு மூணு வரனை, தம்பியை யாரு பாப்பான்னு திருப்பி அனுப்பிட்டா. அப்புறம் யாரும் கேட்டு வரல. என் கல்யாணம் முடிஞ்ச அன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா? 'இனிமே ராத்திரியில நான் நிம்மதியாத் தூங்குவேன்டா'ன்னா. அவகிட்டப் போய், நீ முழிச்சுக்கோ, அவ போயிட்டான்னு எப்படிச் சொல்றது?

— அதனால ரெண்டு பேரு போற மாதிரி படம் அனுப்புறீங்க.

— லீவு கிடைக்கும்போதெல்லாம் எங்கயாவது போவேன். படத்துல என் முகம் மட்டும்தான் தெரியும். என் மனைவிக்குக் கூச்சம், முகம் காட்டமாட்டான்னு சொல்லி வச்சிருக்கேன். முதல் தடவை ரயில்ல எதிர்ல உக்காந்திருந்த ஒரு அம்மாகிட்ட, ஜன்னல்ல கை வச்சுக்கிறீங்களான்னு கேட்டேன். போன வருஷம் மலையில, ஓட்டல்ல இருந்த பொண்ணு எதிர்ல உக்காந்து டீ கப்பைப் பிடிச்சுக் குடுத்துச்சு. எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் கேட்டீங்க.

— அக்கா பேசணும்னு கூப்பிடமாட்டாங்களா?

— கூப்பிடுவா. படம் அனுப்பின உடனே கூப்பிடுவா. சிக்னல் இல்லன்னு மறுநாள் சொல்லிக்குவேன். அப்புறம் நானே கூப்பிட்டு, சாப்பிட்டியா, மூட்டுவலி எப்படி இருக்கு, மாத்திரை போட்டியா, அவ்வளவுதான். அவளும் நோண்டமாட்டா.

— நேர்ல வந்துட்டாங்கன்னா?

— ரெண்டு விமானம் மாறணும். அவளால ஒரு மாடி ஏற முடியல.

— சார், மூச்சு இப்ப சரியாயிடுச்சு கவனிச்சீங்களா?

— அட, ஆமா.

— அலையும் ஓஞ்சிருக்கு. குனிங்க. நான் சொல்றவரைக்கும் நிமிரக்கூடாது. தள்ளுறேன்... இன்னும் கொஞ்சம்... தலை, தலை... ஆச்சு.

— வெளிய வந்துட்டோமா?

— கண்ணைத் திறந்தா தெரியும்.

— வெயில் கூசுது.

— கூசட்டும். நேரா தீவுக்கு விடுறேன். காலை மணல்ல வச்சாத்தான் உங்களுக்கு நடுக்கம் போகும்.

— எனக்கு நடுக்கமெல்லாம் இல்ல.

— சரி, இல்ல. வந்தாச்சு, இறங்குங்க. தண்ணி முட்டிவரைக்கும்தான். அந்தப் பாறை நிழல்ல உக்காருங்க. பிளாஸ்க்ல டீ இருக்கு, மூடியில ஊத்திக்கோங்க. நான் கயித்தைக் கட்டிட்டு வரேன்.

— உங்களுக்கு?

— நீங்க குடிச்சுட்டு அதே மூடியைக் குடுங்க. எல்லாம் ஒரே கடல்தான்.

— கேப்டன், இங்க வேற யாரும் வரமாட்டாங்களா?

— சாயங்காலம் பெரிய படகு வரும், பாட்டெல்லாம் போட்டுக்கிட்டு. இப்ப நாம ரெண்டு பேருதான். சரி, அந்தத் தொப்பியைக் குடுங்க.

— எதுக்கு?

— சும்மா சீட்டுல வச்ச தொப்பியைப் பாத்து யாரு நம்புவா? என் தலைக்குச் சரியாத்தான் இருக்கு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறேன். கையை உங்க தோள்ல வைக்கிறேன். கை விழட்டும், தொப்பி விழட்டும், போதுமில்ல?

— உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?

— படகு ஓட்டுற இந்த நாலு வருஷமா முழங்கையாவே விழுந்தாச்சு. ஒரு தடவை முழுக்கையா விழுறேனே. எஞ்சின் கறுப்பு கொஞ்சம் நகத்துல இருக்கு, தேய்ச்சாலும் போகாது.

— பரவால்ல. இப்படித் திரும்பி உக்காருங்க. கடல் பின்னால வரட்டும்.

— வச்சுட்டேன். எடுங்க.

— ம்.

— கை கனமா இருக்கா? எடுத்துடவா?

— இல்ல. இருக்கட்டும். இன்னும் எடுக்கல.

— எடுத்துட்டீங்க சார். சத்தம் கேட்டுச்சு.

— இன்னொண்ணு எடுத்துக்கிறேன்.

— எடுங்க. எனக்கொண்ணும் அவசரம் இல்ல.

— போதும் கேப்டன். அனுப்பிட்டேன். இங்க சிக்னல் நல்லாவே இருக்கு.

— உங்க போன்தான் அடிக்குது.

— அக்கா. அடிச்சு ஓயட்டும்.

— எடுங்க சார்.

— எடுத்தா அவளைக் கேப்பா.

— மூணு வருஷமா அந்தம்மா கூப்பிடுறாங்க, நீங்க சிக்னல் மேல பழி போடுறீங்க. உங்க கை மணலா இருக்கு, நான் அமுத்துறேன். ஸ்பீக்கர்லயே பேசுங்க. உங்களுக்குத்தான் ஸ்பீக்கர்ல நல்லாப் பேச வருமே.

— வேணாம் கேப்டன்...

— தம்பி? எடுத்துட்டியாடா? அலைச் சத்தமா அது?

— ஆமாக்கா. ஒரு தீவுல இருக்கோம்.

— இருக்கோமா? சரி. அவ எங்க?

— அவ... தண்ணியில கால் நனைக்கப் போயிருக்கா.

— தம்பி, படம் பாத்தேன். அந்தக் கை யாருது?

— அவளுதுதான்க்கா.

— அவ கையை எனக்குத் தெரியாதா? நான்தானே பிடிச்சு வந்து உன் பக்கத்துல நிறுத்தினேன். மலையில கப்பைப் பிடிச்சது ஒரு சின்னப் பொண்ணோட கை. ரயில்ல ஜன்னல் ஓரம் இருந்தது என் வயசுக்காரி. இது நல்லா வேலை செஞ்ச கை. யாருடா அது, சொல்லு பாப்போம்.

— அம்மா, நான் படகு ஓட்டுறவ. என் கைதான். அவர் கேக்கல, நானாத்தான் வச்சேன்.

— நல்லா இருப்பம்மா. இன்னிக்குத்தான் அவன் முகம் கொஞ்சம் தெளிஞ்சு இருக்கு.

— அக்கா, உனக்கு எப்பத் தெரியும்?

— அவ வீட்டை விட்டுக் கிளம்புன அன்னிக்கே. அவளே எனக்குப் போன் பண்ணி அழுதா.

— மூணு வருஷமாத் தெரிஞ்சும் ஏன்க்கா என்னை ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டிருந்தா படம் அனுப்புறதை நிறுத்தியிருப்ப. அப்புறம் உன் முகத்தை நான் எங்கடா போய்ப் பாப்பேன்?